பிறப்புப் புத்தகத்தில் சிவப்பு மை

காலை பத்து மணி இருபது நிமிடம். எங்கள் பஞ்சாயத்து ஆபீஸ் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடும். அதைக் கழித்துத்தான் சொல்கிறேன். நான் ஜன்னலோரம் நின்று, உப்பளப் பக்கமிருந்து வரும் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்த்திகை மழையில் பாத்திகள் எல்லாம் ஒரே தண்ணீராகக் கிடந்தன. உப்பு அம்பாரங்களுக்குப் பனையோலை போட்டு மூடியாகிவிட்டது. வேலை இல்லாத காலம். அதனால் ஓட்டுப் போட அவசரமில்லாமல், ஒரே சாக்கைத் தலையில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, சிரித்துப் பேசி வந்தார்கள்.

மக்களவைத் தேர்தல் நாள். ஆபீசுக்கு விடுமுறைதான். எதிரே பள்ளிக்கூடத்தில் இருந்த வாக்குச்சாவடிக்குத் தண்ணீர்க் குடம், மேசை, விளக்கு என்று ஏதாவது கேட்பார்கள் என்பதற்காக நான் வந்து உட்கார்ந்திருந்தேன்.

தலையாரி நனைந்துகொண்டே சாலையைக் கடந்து வந்தார்.

"பாய், பூத்துல உங்களைக் கூப்பிடறாங்க."

"ஏம்பா, பெஞ்சு பத்தலையா?"

"பெஞ்சு இல்ல பாய். பொறப்புப் புஸ்தகம் வேணுமாம். பழசு. பத்தொம்போது வருஷத்துப் பழசு."

"யாருக்கு?"

அவர் வாசற்படியில் காலைத் தேய்த்துத் தேய்த்துச் சேற்றை வழித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்க பாப்பா அங்க உக்காந்திருக்குது பாய். அது செத்துப் போச்சுன்னு ஏஜென்ட் சொல்றாரு."

சில வருடங்கள் ஆகிவிட்டன. இன்னும் அந்த வாக்கியத்தை என்னால் ஒரே மூச்சில் எழுத முடியவில்லை.

நான் அந்த ஆபீசில் பிறப்பும் இறப்பும் எழுதுகிற கிளார்க். கல்யாணம் ஆவதற்கு முன்பே அந்த நாற்காலிக்கு வந்துவிட்டேன். இந்த ஊரில் இருபது வயதுக்கு உட்பட்ட யார் என்னை வழியில் பார்த்து வணக்கம் சொன்னாலும், அவர் எந்தக் கிழமை பிறந்தார் என்று பாதி நேரம் எனக்குத் தெரியும்.

அந்த ஒரே வருடத்தில் மேலிருந்து வந்த சட்டங்களும் அரசாணைகளும் நேராக என் மேசைக்குத்தான் வந்தனவோ என்று தோன்றியது. ஓட்டுப் போடும் வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைந்தது. அரசாங்க வேலையில் பெண்களுக்கு நூற்றுக்கு முப்பது இடம் என்று மாநில அரசு அறிவித்தது. எட்டாவது வரை படித்த ஏழைப் பெண்ணுக்குக் கல்யாண உதவி என்றார்கள். அதற்குப் பதினெட்டு முடிந்ததற்குச் சான்று கேட்டார்கள். இந்துக் குடும்பங்களில் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று ஒரு சட்டம் வந்தது. நெடுங்காலம் நடக்காமல் கிடந்த உள்ளாட்சித் தேர்தல் மூன்று வருடத்துக்கு முன்புதான் நடந்திருந்தது. புதிதாக வந்த உறுப்பினர்கள் ஆளுக்கு நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார்கள். அதுவரை கறையான் மட்டும் தேடி வந்த பிறப்புப் புத்தகத்துக்கு வரிசை நின்றது.

"ஏன் பாய்," என்று எதிர்க்கடை டீக்காரர் ஒருநாள் கேட்டார், "என் மூணு பொண்ணையும் உங்க புஸ்தகத்துல கொஞ்சம் அழிச்சிடக் கூடாதா? பங்கு கிங்குன்னு கேட்டுட்டு வரப்போறாளுங்க. ரப்பர் வேணும்னா நான் வாங்கித் தர்றேன்."

நான் சிரித்தேன். ஆபீசே சிரித்தது.

என் மகள் பிளஸ் டூ முடித்து, டைப்பிங் கற்றுக்கொண்டு, அரசாங்கக் குமாஸ்தா தேர்வுக்கு மனுப் போட்டிருந்தாள். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் சம்பள வேலைக்குப் போனதில்லை. பையன்கள் பாஸ்போர்ட் எடுத்து வளைகுடா போனார்கள். பெண்கள் நிக்காஹ் ஆகிப் போனார்கள். அந்த முப்பது இடத்தில் ஒன்று என் மகளுக்கு என்று நான் மனதுக்குள் எழுதியே வைத்துவிட்டேன். போலீஸ் கேஸ் என்று ஒன்று அவள் பெயரில் விழுந்தால் அந்தக் கதவு மூடிவிடும். அது எனக்கு நன்றாகத் தெரியும். நன்னடத்தைச் சான்றுக்கு வருகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு உப்பளத்துக் கணக்குப்பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஒரு கட்சிக்கு ஏஜென்டாக உட்காரப் போகிறவர். அம்பாரத்தைப் பார்த்தே இத்தனை மூட்டை என்று சொல்லி, பிறகு எண்ணி, சொன்னது சரி என்று காட்டுகிற மனிதர்.

"பாய், பதினெட்டு ஆகாததுங்களையெல்லாம் லிஸ்ட்ல ஏத்தி வுட்டிருக்கானுங்க. மூட்டை எண்ற மாதிரி ஒவ்வொண்ணா எண்ணப் போறேன். உங்க புஸ்தகத்தைக் காட்டுங்க. பஞ்சாயத்துத் தலைவர் சரின்னுட்டாரு."

மூன்று மதியம் அவர் என் எதிரே உட்கார்ந்து புதிய வாக்காளர் பட்டியலையும் பழைய பிறப்புப் புத்தகங்களையும் ஒப்பிட்டார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். என் எழுத்தை ஒருவர் அவ்வளவு பொறுமையாகப் படிப்பதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

"இதென்ன பாய், அங்கங்க சிவப்பு மை?"

நானே விளக்கினேன். பிறப்புப் புத்தகத்தில் இறப்பை எழுத வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இறப்புக்குத் தனிப் புத்தகம் உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் அம்மைத் தடுப்பூசி குத்துகிறவர் என் புத்தகத்திலிருந்து பிறப்புகளைக் குறித்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். குழந்தை செத்துப்போன வீட்டு வாசலிலும் நின்று, "எங்கேம்மா குழந்தை, தூக்கிட்டு வாங்க" என்பார். ஒரு மீனவப் பெண் அப்படிக் கேட்டவர் மேல் அம்மிக் குழவியை எறிந்துவிட்டாள். அதன்பிறகுதான், சின்னக் குழந்தை இறந்தால் பிறப்பு வரியின் ஓரத்திலேயே சிவப்பு மையில் குறிப்பு எழுதுகிற பழக்கத்தை நான் ஏற்படுத்திக்கொண்டேன். அந்த வீட்டை அவர் தாண்டிப் போய்விடுவார்.

"நல்ல வேலை செஞ்சிருக்கீங்க பாய்," என்றார் கணக்குப்பிள்ளை. சிவப்பு மை விழுந்த பெயர் பட்டியலில் இருந்தால் தன் நோட்டில் ஒரு சுழி போட்டுக்கொண்டார். என் பெயரில் எங்கள் தெருவிலேயே நாலு பேர். ஒரு சுழிக்குப் பக்கத்தில் இருந்த தகப்பன் பெயர், எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஆள் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு? எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்தப் புத்தகத்தில் ஒரு இடம் வரும்போது இரண்டு தாளைச் சேர்த்துப் பிடித்துத் திருப்புவது என் விரல்களின் வழக்கம். அத்தனை வருடம் அப்படியே திருப்பி, அந்தப் பக்கம் இருப்பதையே நான் மறந்து போயிருந்தேன். மறந்தேன் என்றால் நம்புவீர்களா என்று தெரியவில்லை. ஆனால் அதுதான் நடந்தது.

அலமாரியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். மழைக்கு என் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். முப்பது அடி இருக்கும். அந்த முப்பது அடிக்குள் என் மனைவியின் முகம் இரண்டு முறை வந்து போனது.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் பெண்கள் வரிசை. விஷயம் அதற்குள் அவர்களிடம் பரவியிருந்தது.

"செத்தவளாம்டி. நல்லா பச்சைத் தாவணி கட்டிக்கினு வந்திருக்குது."

"எங்க வூட்டுல செத்ததெல்லாம் எழுந்து வந்தா ரேஷன் பத்தாதும்மா."

"சும்மா இருங்கடி, அதோட அத்தா வர்றாரு."

வகுப்பறைக்குள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் என் மகள் முழங்கால் உயர்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் வாக்காளர் சீட்டு. விரலில் இன்னும் மை வைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் பாதி சிரித்தாள்.

"அத்தா, நான் செத்துட்டேனாம். சொல்லுங்கத்தா இவங்ககிட்ட."

கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்து எழுந்து நின்றார். அவர் முகம் வெளிறியது.

"பாய்... உங்க பொண்ணா?"

நான் தலையை அசைத்தேன்.

"எனக்குத் தெரியாது பாய். சத்தியமா தெரியாது. நம்பரைப் பார்த்தேன், நோட்டைப் பார்த்தேன், சொல்லிட்டேன்."

வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் திண்டிவனம் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, விதிப் புத்தகத்தை மடியில் விரித்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. தனக்குக் கொடுத்த வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும் என்ற கவலை அவர் குரலில் இருந்தது.

"உட்காருங்க பாய். ஏஜென்ட் சேலஞ்ச் பண்ணிட்டாரு. ரெண்டு ரூபா கட்டி, ரசீதும் போட்டாச்சு. இனிமே விசாரிக்காம என்னால விட முடியாது. லிஸ்ட்ல இருக்கிற ஆளு இந்தப் பொண்ணுதான்னா ஓட்டுப் போட்டுட்டுப் போகட்டும். இல்லைன்னா ஆள்மாறாட்டம். போலீஸ்ல ஒப்படைக்கணும். வேற வழி விதியில இல்ல."

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் புத்தகத்தை மேசையில் வைத்துத் திறந்தேன். சேர்ந்தே திருப்பப்பட்டு வந்த அந்த இரண்டு தாள்களும் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் பிரித்தேன். மற்ற எழுத்தெல்லாம் பழுத்துப் பழுப்பாகிவிட்டிருந்தது. சிவப்பு மட்டும் நேற்று எழுதியது போல இருந்தது.

தலைமை அலுவலர் குனிந்து சத்தமாகப் படித்தார். பெயர். தகப்பன் பெயர். தாய் பெயர். எங்கள் தெரு. ஓரத்துக்கு வந்து நிறுத்தி, மெதுவாகப் படித்தார்:

"இறந்தது. வயது எட்டு மாதம். பேதி."

"எட்டு மாசமா?" என்றாள் என் மகள். "அப்ப நான் யாரு சார்?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

இங்கே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் முதல் பெண் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். என் தாயின் பெயரை அவளுக்கு வைத்தோம். எட்டாவது மாதத்தில் மூன்று நாள் பேதியில் போய்விட்டாள். துணியில் சுற்றி, என் இரண்டு கைகளிலேயே கபரஸ்தானுக்கு எடுத்துப் போனேன். மறுநாள் ஆபீசுக்கு வந்து இறப்புப் புத்தகத்தில் எழுதினேன். பிறகு பிறப்புப் புத்தகத்தைத் திறந்து சிவப்பு மையிலும் எழுதினேன். அம்மை குத்துகிறவர் என் மனைவியிடம் போய்க் குழந்தையைக் கேட்டுவிடக் கூடாது என்பதுதான் அன்று எனக்கு இருந்த ஒரே எண்ணம்.

அடுத்தவள், மூத்தவள் பிறந்து ஒன்றரை வருடம் கழித்து, பிரம்மதேசத்தில் என் மனைவியின் தாய்வீட்டில் பிறந்தாள். பெரியவர்கள் அந்தப் பெயரையே மறுபடி வைத்தார்கள். என் தாயின் பெயர் வீட்டில் நிற்க வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். வீட்டில் பாப்பா என்றே கூப்பிட்டோம். முன்னால் ஒருத்தி இருந்தாள் என்பதை இவளிடம் சொல்லக் கூடாது என்று என் மனைவி கேட்டுக்கொண்டாள். இறந்தவளின் பெயரைச் சுமக்கிறோம் என்று பிள்ளை பயந்துவிடும் என்றாள். வருடத்தில் ஒருநாள் மட்டும் சர்க்கரைப் பொங்கல் வைத்து பாத்திஹா ஓதுவாள். "யாருக்கும்மா?" என்று பாப்பா கேட்டால், "முன்னாடி இருந்தவங்களுக்கு" என்பாள்.

பாப்பாவின் பிறப்பைப் பிரம்மதேசத்தில் அப்போதிருந்த கிராம முன்சீப் எழுதிவிட்டார் என்று என் மாமனார் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. ஐந்து வருடம் கழித்துப் பள்ளியில் சேர்க்கச் சான்று தேடியபோதுதான் தெரிந்தது, அவர் எழுதவே இல்லை. ஊரார் பிள்ளைகளையெல்லாம் எழுதியவனின் பிள்ளை எந்தப் புத்தகத்திலும் இல்லை. தாமதப் பதிவுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அதற்கு மற்றவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவன் நான். எனக்கென்று ஒன்று எழுத வெட்கமாக இருந்தது. ஆபீசில் தெரிந்தால் சிரிப்பார்கள். அலமாரியில் ஒரு வரி தயாராக இருந்தது. பெயர் அதே பெயர், தகப்பனும் தாயும் அதே. அதை நகலெடுத்துப் பள்ளிக்குக் கொடுத்தேன். ஓரத்துச் சிவப்புக் குறிப்பை நகலில் எழுதவில்லை.

என் மனைவிக்குக்கூட இது தெரியாது. முன்சீப் எழுதியதாகவே நினைத்திருந்தாள். பிறகு முன்சீப் என்ற வேலையையே அரசாங்கம் சட்டம் போட்டு ஒழித்தது. அவருடைய புத்தகங்கள் சாக்கில் கட்டித் தாலுகா ஆபீசுக்குப் போயின. இனி யாரும் தேட மாட்டார்கள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஆகவே காகிதத்தில் என் மகளுக்குப் பத்தொன்பது. நிஜத்தில் பதினெட்டுக்கு ஒரு மாதம் குறைவு.

உண்மையைச் சொன்னால் ஆள்மாறாட்டக் குற்றம் நீங்கலாம். ஆனால் வயது பொய், பள்ளிச் சான்று பொய், தேர்வு மனு பொய். அவளுடைய வேலை போகும். பொய் நகல் கொடுத்த கிளார்க் என்று என் வேலையும் போகும். சிவப்பு மை கைத்தவறு என்று சொன்னால் எல்லாம் அப்படியே நிற்கும்.

கணக்குப்பிள்ளை என் காதருகே வந்தார். பீடி வாசனை அடித்தது.

"பாய், வரி மாறி எழுதிட்டேன்னு சொல்லிடுங்க. நான் வாபஸ் வாங்கிக்கிறேன். மனுஷன் கை தவறாதா? நான் மூட்டையே தப்பா எண்ணியிருக்கேன்."

தலைமை அலுவலரும் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவரும் அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தார்.

"இது யாரு எழுத்து பாய்?"

"என்னுதுதான் சார்."

"தப்பா எழுதினதா?"

என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாதிச் சிரிப்பும் போய்விட்டிருந்தது.

"ஆமாம் சார்," என்றேன். "வரி மாறிடுச்சு."

அறையில் எல்லோரும் மூச்சு விட்டது கேட்டது. கான்ஸ்டபிள் மறுபடி மழையின் பக்கம் திரும்பினார்.

"அப்ப அதை அடிச்சு, பக்கத்துல 'தவறான குறிப்பு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எனக்கும் ஒரு ஆதாரம் வேணும்," என்று தலைமை அலுவலர் தன் பேனாவை நீட்டினார்.

நீல மை. நான் அடித்தேன். பழைய தாள் நிப்பில் சிக்கிக் கொஞ்சம் கிழிந்தது. 'இறந்தது' என்ற சொல்லின் நடுவே கோடு போனது. 'எட்டு மாதம்' மீதும் போனது. கையெழுத்துப் போட்டேன். என் கை நடுங்கவே இல்லை. அதுதான் இன்றும் என்னை உலுக்குகிறது. அவ்வளவு நேர்கோடாக அடித்திருக்கிறேன்.

"ரெண்டு ரூபா போச்சு ஏஜென்ட் சார்," என்றார் மை வைக்கிறவர்.

"போவட்டும் போவட்டும்," என்றார் கணக்குப்பிள்ளை.

என் மகளின் விரலில் மை வைத்தார்கள். வாக்குச்சீட்டை வாங்கி, மறைப்புக்குப் பின்னால் போய், முத்திரை குத்திப் பெட்டியில் போட்டாள். முதல் ஓட்டு. வெளியே போகும் வழியில் மேசையருகே நின்றாள். புத்தகம் இன்னும் திறந்தே கிடந்தது. அவள் டைப்பிங் படித்தவள். ஒரு பக்கத்தை மேலிருந்து கீழே ஒரே பார்வையில் படித்துவிடுவாள். அந்தப் பக்கத்திலிருந்த பத்துப் பன்னிரண்டு வரிகளையும் பார்த்தாள். வேறு எந்த வரியிலும் சிவப்பு இல்லை.

"வரி மாறிடுச்சுன்னா," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள், "சரியான வரி எங்கத்தா?"

"மழை வலுக்குது. வீட்டுக்குப் போ."

போனாள். குடையை விரிக்காமல் போனாள்.

ஆபீசுக்குத் திரும்பி வந்தேன். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து மூடினேன். சாலையில் கட்சிக்காரர்கள் ஒரு கிழவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அவர் நாற்காலியில் இருந்தபடியே ஏதோ கேலி செய்ய, தூக்கியவர்கள் சிரித்து நாற்காலியைச் சாய்த்துவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்குமேல் அந்த எண்ணம் வந்தது. பிறப்புப் புத்தகத்தில் அடித்தாயிற்று. இறப்புப் புத்தகத்தில் அவள் இன்னும் இருக்கிறாள். நாளைக்கு யாராவது அதையும் கேட்டால்? எழுந்து போய் அதை எடுத்தேன். பக்கத்தைக் கண்டுபிடித்தேன். பேனா மூடியைத் திருகிக் கழற்றினேன். நிப்பைத் தாளுக்கு அருகே கொண்டுபோனபோதுதான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. அன்று கபரஸ்தானில் மண் ஈரமாக இருந்தது. துணி நனைந்துவிடும் என்று கீழே வைக்க மனமில்லாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன். யாரோ, "கொடுங்க பாய்" என்று வாங்கினார்கள். அந்தப் பெண் இந்த உலகத்துக்கு வந்துபோனதற்கு இருந்தது இந்த இரண்டு வரிகள்தான். ஒன்றைக் காலையில் முடித்துவிட்டேன். இன்னொன்றுக்கும் பேனாவைத் திறந்துவிட்டேன்.

புத்தகத்தை மூடி அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தலையாரி ஒருமுறை எட்டிப் பார்த்து, "டீ சொல்லட்டுமா பாய்?" என்று கேட்டது நினைவிருக்கிறது.

மூன்றரை மணிக்கு வாசலில் குடை மடக்குகிற சத்தம் கேட்டது. என் மனைவி. ஆபீஸ் படி ஏறி அவள் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. சாப்பாடு கொண்டுவந்தால்கூட வெளியில் நின்றுதான் ஆள் அனுப்புவாள். அன்று நேராக உள்ளே வந்து, மனு கொடுக்க வருகிறவர்கள் நிற்கிற இடத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள். விரலில் மை இல்லை. ஓட்டுப் போடப் போகவில்லை.

"பாப்பா வந்து கேட்டுது," என்றாள். "எனக்கு முன்னாடி யாரும்மா இருந்தாங்கன்னு கேட்டுது. சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். அப்புறம் அது சொல்லிச்சு, நீங்க என்ன பண்ணீங்கன்னு. அந்த வரியில இருந்த தேதிதான் அதோட பள்ளிக்கூடத்து சர்டிபிகேட்லயும் இருக்குதாம்."

"அதுக்கு வேலை போயிடும்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"அவ பொறந்த தேதியை எடுத்து இவளுக்குக் குடுத்தீங்க. எனக்குச் சொல்லல. இன்னிக்கு அவ செத்ததையும் இல்லன்னு அடிச்சிட்டீங்க. அப்ப எட்டு மாசம் என் மடியில பால் குடிச்சது யாருங்க?"

அவள் சத்தம் போட்டுப் பேசவில்லை. வெளியே போலீஸ்காரர், "வரிசையா வாங்கம்மா" என்று சொன்னதுகூடத் தெளிவாகக் கேட்டது.

"நாளைக்குப் பார்க்கலாம்," என்றேன். "இன்னிக்கு எலெக்ஷன். யாரும் இருக்க மாட்டாங்க."

"பிரம்மதேசத்துல இப்ப பொறப்பு எழுதற வி.ஏ.ஓ. இன்னிக்கு அந்த ஊரு பூத்துலதான் இருப்பாரு. பிரசவம் பார்த்த அம்மாவும் அங்கதான் இருக்குது, கண்ணு மட்டும்தான் தெரியல. அது சாட்சி சொல்லும். கோர்ட்டுன்னாலும் போவலாம்."

"அதோட வேலை?"

"வேலை போனா போவட்டும்னு அதுதான் சொல்லுது. என் தேதியில என் பேரை எழுதுங்கன்னுது."

மேசைமேல் கிடந்த என் பேனாவை எடுத்து, மூடியைத் திருகி, என் சட்டைப் பையில் அவளே வைத்தாள்.

"எழுந்திரிங்க. நாலு மணிக்கு பஸ். பாப்பா ஸ்டாப்பிங்ல நிக்குது."